அறிவியல் கேள்வி–பதில்: மின்சாரம் நூற்கும் இழையில் செல் குடியேறுமா?

சென்ற இதழில் நானோ இழைத் திசுச் சாரம் (கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போல, செல்கள் பிடித்துக்கொண்டு வளர ஒரு தாங்கி) பற்றி அரைப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். பாலிமர் கரைசலை ஊசி வழியாக விட்டு, உயர் மின்னழுத்தம் கொடுத்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழையாக இழுத்து (இதற்கு மின்நூற்பு என்று பெயர்), அந்த இழை படிந்து உண்டாகும் பாயில் செல்களை வளர்க்கிறார்கள் என்பதுதான் அந்தக் குறிப்பின் சுருக்கம். வந்த கடிதங்களைப் பார்த்தால் அரைப் பக்கம் போதவில்லை என்று தெரிகிறது. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்து, கொஞ்சம் சுருக்கி இங்கே தந்திருக்கிறேன்.

நூற்பாலையில் ரிங் ஃபிரேம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்பிண்டில் இல்லை, ரோலர் இல்லை, முறுக்கும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் இழையை இழுப்பது யார்?

மின்னூட்டம்தான் இழுக்கிறது. உங்கள் ஆலையில் பின் ரோலர் மெதுவாகவும் முன் ரோலர் வேகமாகவும் சுற்றுவதால் ரோவிங் (நூலாகும் முன் உள்ள பஞ்சுத் திரி) மெலிகிறது இல்லையா, அந்த வேலையை இங்கே ஒரே மாதிரி மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும் விசை செய்து முடிக்கிறது.

கருவி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு சிரிஞ்சில் பாலிமர் கரைசல், அதை மணிக்கு ஒரு மில்லிலிட்டர் அளவுக்கு மெதுவாகத் தள்ளும் பம்ப், முனை மழுங்கலாக வெட்டிய ஊசி, அந்த ஊசிக்கு 10 முதல் 25 கிலோவோல்ட் வரை கொடுக்கும் ஒரு பெட்டி, 15 சென்டிமீட்டர் தள்ளி எர்த் செய்த அலுமினியத் தாள், அவ்வளவுதான். மின்சாரம் இல்லாதபோது ஊசி முனையில் ஒரு துளி தொங்கிக்கொண்டு இருக்கும். வோல்டேஜை ஏற்ற ஏற்ற அந்தத் துளி தாளைப் பார்த்து நீளும், உருண்டை கூம்பாகும், ஒரு கட்டத்தில் கூம்பின் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு இழை பாயும். மேற்பரப்பு இழுவிசை துளியை உருண்டையாகவே வைத்திருக்கப் பார்க்கிறது, மின்விசை அதைக் கிழிக்கப் பார்க்கிறது, இரண்டும் சமமாகும் இடத்தில் வருவது அந்தக் கூம்பு. இயற்பியலாளர் ஜெஃப்ரி டெய்லர் 1964-இல் கணக்குப் போட்டு அதன் அரைக்கோணம் 49.3 பாகை என்று காட்டினார், அதனால் இன்றும் டெய்லர் கூம்பு என்றுதான் சொல்கிறார்கள்.

முதல் சில சென்டிமீட்டர் இழை நேராக வரும். அப்புறம்தான் வேடிக்கை. இழை முழுக்க ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் எங்கேயாவது லேசாக வளைந்தால் போதும், அந்த வளைவு தன்னைத்தானே பெரிதாக்கிக்கொண்டு சுருள் சுருளாகச் சுழன்று விரியும். வெறும் கண்ணால் பார்த்தால் ஒரு இழை பல இழைகளாகப் பிரிந்து விசிறி போல விரிவது மாதிரி இருக்கும், ஆராய்ச்சியாளர்களே கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அதிவேகக் கேமரா வைத்துப் பார்த்தபோதுதான் அது பெரும்பாலும் ஒற்றை இழை, படுவேகமாகச் சாட்டை சுழற்றுகிறது என்று தெரிந்தது. அந்தச் சுழற்சியில்தான் பெரும்பகுதி இழுவை நடக்கிறது, கரைப்பானும் அங்கேயே ஆவியாகிவிடுகிறது, தாளில் வந்து விழுவது காய்ந்த இழை.

உங்கள் பாஷையிலேயே ஒரு கணக்கு. 10 சதவீதக் கரைசலை மணிக்கு ஒரு மில்லிலிட்டர் விட்டால் மணிக்கு ஏறத்தாழ 0.1 கிராம் பாலிமர். இழையின் விட்டம் 500 நானோமீட்டர் என்று வைத்தால், அந்த 0.1 கிராமின் நீளம் சுமார் 445 கிலோமீட்டர். கவுண்ட் (நூல் மெலிய மெலியக் கூடும் நம்பர்) போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 26 லட்சம் வருகிறது! நூறாம் நம்பர் நூலை மெல்லியது என்று சொல்லிக்கொண்டிருந்த உங்களுக்கு இந்த எண் சிரிப்பைத் தரலாம்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. தேய்த்த அம்பரை அருகில் கொண்டுபோனால் நீர்த்துளி கூம்பாக இழுபடுவதை வில்லியம் கில்பர்ட் 1600-இலேயே எழுதிவைத்தார். 1902-இல் கூலி, மார்ட்டன் இருவரும் காப்புரிமை வாங்கினார்கள், 1934-இல் அன்டன் ஃபார்மால்ஸ் ஜவுளிக்கென்றே காப்புரிமை வாங்கினார். ஜவுளியில் இது எடுபடவில்லை, காரணம் உங்களுக்கே தெரியும்: மணிக்கு 0.1 கிராம் உற்பத்தியை வைத்து எந்த ஆலை ஓடும்? 1990-களில் அமெரிக்காவின் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் டேரல் ரெனெக்கரின் குழு மறுபடி கையில் எடுத்த பிறகுதான் ஆய்வகங்களில் சூடு பிடித்தது.

பள்ளி ஆசிரியை நான். செல்கள் தானாகவே வளராதா? அதற்கு எதற்குச் சாரம், அதுவும் நானோ அளவில்?

நம் உடம்பில் பெரும்பாலான செல்கள் அந்தரத்தில் மிதப்பதில்லை. ரத்தச் செல்களை விட்டுவிடுங்கள், மற்றவை தம்மைச் சுற்றி ஒரு புரத வலையைப் பின்னி, அதைப் பிடித்துக்கொண்டுதான் வாழ்கின்றன. அந்த வலையில் முக்கியமானது கொலாஜன், அதன் நுண்ணிழைகள் திசுவுக்குத் திசு மாறினாலும் சுமார் 50 முதல் 500 நானோமீட்டர் விட்டம். மின்நூற்பு இழையும் அதே அளவில் வருகிறது என்பதுதான் திசுப் பொறியியல்காரர்களை இந்தப் பக்கம் இழுத்தது. மற்ற முறைகளில், உப்பைப் போட்டுக் கரைத்து நுரை மாதிரி செய்வதிலோ முப்பரிமாண அச்சிலோ, அந்த மென்மை சுலபத்தில் கிடைக்காது.

பிடிமானம் இல்லாவிட்டால் பல செல்கள் செத்தேபோகும். பிடிமானம் எந்த வடிவில் இருக்கிறது என்பதும் முக்கியம், ஏனென்றால் செல் தன் உறையில் உள்ள இன்டெக்ரின் என்ற புரதங்களால் பிடித்து இழுத்துப் பார்த்துத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று முடிவு செய்கிறது. தட்டையான பிளாஸ்டிக் தட்டில் விட்டால் அது அப்பளமாகப் பரவும். அதே செல்லை இழைப்பாயில் விட்டால் கைகால் நீட்டி இழைகளைப் பற்றிக்கொள்ளும், சுரக்கும் புரதமும் மாறும். ஆராய்ச்சியாளர்கள் லாங்கரும் வகான்டியும் 1993-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது. செல், சாரம், வளர்ச்சிக்கான சமிக்ஞை மூன்றும் சேர்ந்தால் திசு என்பதுதான் இன்றும் பாடமாக இருக்கிறது. மின்நூற்புச் சாரம் அதில் 2002 வாக்கில் நுழைந்தது.

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு பிசிஎல் (பாலிகாப்ரோலாக்டோன் என்ற செயற்கைப் பாலிமர்) நூற்கிறேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இழை நடுநடுவே மணி மணியாக இருக்கிறது. வோல்டேஜை எவ்வளவு ஏற்றியும் போகவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் வோல்டேஜைத் தொடாமல் விடுங்கள். மணி விழுந்தால் எல்லோரும் முதலில் அந்தக் குமிழைத்தான் திருகுகிறார்கள், பத்தில் ஒன்பது தடவை கோளாறு கரைசலில் இருக்கும். பாலிமர் சங்கிலிகள் ஒன்றோடொன்று போதுமான அளவு பின்னிக்கொள்ளாவிட்டால், இழுபடும் நேரத்தில் மேற்பரப்பு இழுவிசை ஜெயித்து இழையைத் துளிகளாகச் சுருட்டப் பார்க்கும். பாதி ஜெயித்தால் மணி கோர்த்த இழை, முழுதாக ஜெயித்தால் வெறும் துளித் தெளிப்பு. ஆகவே அடர்த்தியைக் கூட்டுங்கள். 80,000 மூலக்கூறு எடையுள்ள பிசிஎல்லுக்கு 8-இலிருந்து 15 சதவீதத்துக்குள் உங்களுக்கான இடம் இருக்கும், ஒவ்வொரு சதவீதமாக ஏற்றிப் பாருங்கள். குறைந்த மூலக்கூறு எடை பாட்டிலை யாராவது எடுத்துக் கொடுத்திருந்தால் அடர்த்தியை ஏற்றினாலும் சங்கிலி குட்டைதான், அதனால் லேபிளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இரண்டாவது கரைப்பான். குளோரோஃபார்மில் மட்டும் கரைத்தால் மின்கடத்தல் மிகக் குறைவு, இழையில் மின்னூட்டம் ஏறாது, இழுவை போதாது. கொஞ்சம் டிஎம்எஃப் (மெதுவாகக் காயும் இன்னொரு கரைப்பான்) அல்லது மெத்தனால் சேர்த்தால் நிலைமை சட்டென்று மாறும். டிஎம்எஃப் அதிகமானால் காயாது, தாளில் இழைகள் ஈரத்தோடு விழுந்து ஒட்டி உருகிய மாதிரி தெரியும், அப்போது தூரத்தைக் கூட்டுங்கள். ஊசி முனையில் கரைசல் காய்ந்து கட்டி பிடித்தால் அதற்கு நேர்மாறான பிரச்சினை, குளோரோஃபார்ம் பங்கு அதிகம்.

மூன்றாவது, யாரும் நோட்டில் எழுதாத விஷயம், அறையின் ஈரப்பதம். கோடையில் அழகாக வந்த இழை மழைக்காலத்தில் வராமல் போவது இதனால்தான். ஈரம் அதிகமிருந்தால், வேகமாக ஆவியாகும் கரைப்பான் இழையைக் குளிரவைக்க, அதன்மேல் நுண்ணிய நீர்த்துளிகள் படிந்து, இழையின் தோல் முழுக்கக் குழி விழும். ஒரு சின்ன ஈரமானியை வாங்கிக் கருவிக்குப் பக்கத்தில் வையுங்கள், தேதியோடு எண்ணையும் எழுதுங்கள். உங்கள் ஆய்வேட்டில் அந்த ஒரு எண் இருந்தால் உங்களுக்குப் பிறகு வரும் மாணவர் உங்களை வாழ்த்துவார்.

கூம்பைப் பாருங்கள் என்பது நான்காவது. மொபைல் கேமராவில் பெரிதாக்கி, பின்னால் கறுப்பு அட்டை வைத்து, பக்கவாட்டில் விளக்கடித்தால் நன்றாகத் தெரியும். கூம்பு நிலையாக இருந்து ஒற்றை இழை பாய்ந்தால் சரி. துளி விழுந்துகொண்டே இருந்தால் பம்ப் வேகம் அதிகம், கூம்பு ஊசிக்குள் போய்விட்டால் வோல்டேஜ் அதிகம்.

ஒரு விஷயம் கண்டிப்பாக. பெட்டியை அணைத்த பிறகும் ஊசியில் மின்னூட்டம் மிச்சம் இருக்கலாம், எர்த் கம்பியால் தொட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். குளோரோஃபார்ம், டிஎம்எஃப் ஆவியெல்லாம் மூச்சுக்கு ஆகாது, புகைபோக்கி அறைக்குள்ளேயே நூற்கவும். கரைப்பான் பாட்டிலைத் திறந்தபடி பக்கத்தில் வைத்துக்கொண்டு 20 கிலோவோல்ட்டில் விளையாட வேண்டாம்.

உடலுக்குள் வைப்பதென்றால் கொலாஜன், பட்டு போன்ற இயற்கைப் பொருள்தானே நல்லது? எதற்குப் பிளாஸ்டிக்?

இயற்கை என்றாலே நல்லது என்ற எண்ணம் இந்தத் துறையிலும் நிறையப் பணத்தைக் கரைத்திருக்கிறது. கொலாஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிறப்பே மூன்று சங்கிலிகள் முறுக்கிய மூவிழைச் சுருள் அமைப்பு. அதை நூற்க வேண்டுமானால் கரைக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் எச்எஃப்ஐபி என்ற ஃபுளோரின் ஆல்கஹாலைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கரைப்பானே சுருளை அவிழ்த்துவிடுகிறது. அவிழ்ந்த கொலாஜன் என்றால் ஜெலட்டின். 2008-இல் வந்த ஓர் ஆய்வு, மின்நூற்பில் கொலாஜன் செய்வது ஜெலட்டினைச் செலவு பிடித்த வழியில் செய்வதுதானோ என்று தலைப்பிலேயே கேட்டது. கேள்வி நியாயமானதுதான்.

அதோடு முடியவில்லை. புரத இழை நீரில் கரைந்துபோகும், சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு போட்டுக் கெட்டிப்படுத்த வேண்டும். அதற்குக் குளுட்டரால்டிஹைடு போட்டால் மிச்சம் நின்று செல்லைக் கொல்லும், ஜெனிபின் மென்மையானது, ஆனால் விலை அதிகம், பாயும் நீலமாகிவிடும். பட்டுப் புரதமான ஃபைப்ராயின் இந்த வகையில் தேவலை. மெத்தனால் அல்லது எத்தனாலில் முக்கினால் போதும், புரதச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும் பீட்டா அடுக்காக மாறி நீரில் கரையாமல் நிற்கும்.

செயற்கைப் பாலிமர் வலுவானது, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரும், நூற்கச் சுலபம். குறை என்னவென்றால் செல்லுக்கு அதில் பிடிக்க ஒன்றுமில்லை. பிசிஎல் பாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்கும், ஊறாது. அதனால்தான் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் பிளாஸ்மா அல்ல, மின்னேற்றிய வாயு) காட்டி மேற்பரப்பை மாற்றுகிறார்கள், அல்லது ஜெலட்டினைக் கலந்தே நூற்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கலப்புதான் இன்றைக்கு உருப்படியான வழி. உறுதிக்குச் செயற்கை, ஒட்டுவதற்கு இயற்கை.

செல்கள் சாரத்தின் உள்ளே போய் நிரப்பும் என்று எழுதியிருந்தீர்கள். நான் வளர்த்த பாயில் செல்கள் மேலே மட்டும்தான் இருக்கின்றன. என் முறையில் தவறா?

உங்கள் முறையில் தவறு இல்லை, இந்தத் தொழில்நுட்பத்தின் பெரிய தலைவலியே இதுதான். நிறையப் பேர் இதை வெளியே சொல்வதில்லை, ஏனென்றால் மேலிருந்து எடுத்த எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் அவ்வளவு அழகாக இருக்கும், இழைகளுக்கு நடுவே செல்கள் கை விரித்துப் படுத்திருக்கும், அட்டைப்படத்துக்கே போடலாம். அதே பாயைக் குறுக்காக வெட்டி, செல்லின் உட்கருவை நீலமாக ஒளிரவைக்கும் சாயம் போட்டுப் பார்த்தால் கதை வேறு. மேல் ஓரத்தில் ஒரு நீலக் கோடு, அதற்குக் கீழே வெறும் இருட்டு. வாரக்கணக்கில் வளர்த்தாலும் கோடு கொஞ்சம் தடிக்கும், கீழே இறங்காது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பாயில் 80, 90 சதவீதம் வெற்றிடம் என்று எல்லாக் கட்டுரையும் பெருமையாகச் சொல்லும், உண்மைதான். ஆனால் வெற்றிடம் எவ்வளவு என்பது வேறு, ஒவ்வொரு துளையும் எவ்வளவு பெரிது என்பது வேறு. இழை மெலிய மெலிய, ஒன்றின்மேல் ஒன்று விழும்போது இடையில் விடும் துளையும் சின்னதாகிறது. அரை மைக்ரான் (500 நானோமீட்டர்) இழையால் ஆன பாயில் துளை சில மைக்ரான்தான் இருக்கும். செல்லின் அளவு 10 முதல் 20 மைக்ரான். கொசுவலைக்குள் கொசு நுழைய முடியாத மாதிரிதான், காற்றும் ஊட்டமும் போகும், செல் போகாது. இயற்கையான கொலாஜன் வலையிலும் துளை சிறியதுதானே என்று கேட்கலாம். அங்கே செல் தன் நொதியால் வலையை வெட்டி வழி செய்துகொள்ளும், இழைகளும் நெகிழ்ந்து விலகும். பிசிஎல்லை வெட்ட அதனிடம் கத்தரி கிடையாது.

ஆக, எந்த மென்மைக்காக இந்த முறையைத் தேடி வந்தோமோ அதே மென்மைதான் கதவைச் சாத்துகிறது. இதை ஏற்றுக்கொண்டுவிட்டால் இந்தத் துறையில் எது நடக்கும், எது நடக்காது என்பது பாதி தெரிந்துவிடும்.

சரி, வழியே இல்லையா என்றால் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையோடு. நீரில் கரையும் பிஇஓ என்ற பாலிமர் இழையைக் கூடவே நூற்று, பிறகு தண்ணீரில் கரைத்து எடுத்தால் இடம் கிடைக்கும், ஆனால் அதிகம் எடுத்தால் மிச்சப் பாய் சரிந்து அமுங்கிவிடும். உப்புத் துகளைத் தூவிக்கொண்டே நூற்கலாம், துளை பெரிதாகும், பாய் அடுக்கடுக்காகப் பிரிந்துவரும். குளிர்ந்த உருளையில் நூற்று, படியும் பனித்துகளையே துளையாக்கும் முறையும் உண்டு, ஈரப்பதம் கைக்குள் இருந்தால் நன்றாக வரும். ஒரு பக்கம் இழையை நூற்கும்போதே மறுபக்கத்திலிருந்து உயிருள்ள செல்களைத் தெளித்து அடுக்கடுக்காகச் சேர்ப்பது எனக்குப் பிடித்த உத்தி, செல் உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லாமல் ஆரம்பத்திலேயே உள்ளே இருக்கிறது. கரைப்பான் மிச்சம் அதைக் கொல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் சிரமம்.

இன்னொரு பாதை, பாலிமரை உருக்கி, கரைப்பானே இல்லாமல், கணினி சொல்லும் இடத்தில் இழையை வரிசையாகப் படியவைப்பது. 2011-இல் முதலில் வெளியான அந்த முறையில் துளையை நீங்களே தீர்மானிக்கலாம். ஆனால் இழை பொதுவாகப் பல மைக்ரான் தடிமனில் வருகிறது. நானோ என்ற பெயரை விட்டுக்கொடுத்தால் செல்லுக்கு வீடு கிடைக்கிறது, என் பார்வையில் அது நல்ல பேரம்.

முகக்கவசத்திலும் இதே நானோ இழைதானா?

சில வகைகளில் ஆமாம். வடிகட்டிதான் இந்த முறையின் மூத்த தொழில். சோவியத் ஒன்றியத்தில் 1930-களின் இறுதியிலேயே பெட்ரியானோவும் சகாக்களும் மின்நூற்பு இழையில் வடிகட்டி செய்து வாயுக் கவசங்களுக்குப் பயன்படுத்தினார்கள். முந்தைய பதிலில் புலம்பினேனே, சின்னத் துளை என்று, வடிகட்டிக்கு அதுதான் வரம்.

இழைகளை ஒரே திசையில் அடுக்கினால் நரம்பு அந்த வழியே வளரும் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம், இந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சரியாக வந்த முடிவுகளில் அது ஒன்று. தட்டுக்குப் பதில் வேகமாகச் சுழலும் உருளையில் பிடித்தால் இழைகள் சுற்றும் திசையில் படியும், அல்லது இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் இழைகள் பாலம் போட்ட மாதிரி ஒன்றுக்கொன்று இணையாகத் தொங்கும். அப்படிப்பட்ட பாயில் நரம்பு செல்லை விட்டால் அதன் நீட்சி இழையை ஒட்டியே போகிறது, தாறுமாறான பாயில் திசை தெரியாமல் அலைகிறது. தசைநார் செல்களும் அப்படித்தான், இழையோடு இணையாக நீண்டு படுக்கும்.

இதற்கு ஏன் இவ்வளவு ஆர்வம் என்றால், வெட்டுப்பட்ட புற நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். வழி தவறினால் நாட்கள் போய்விடும், அதற்குள் தசை சுருங்கிவிடும். இழைகளை உள்ளே வரிசையாக வைத்த குழாய் ஒன்று வழிகாட்டியாக இருந்தால் நேரம் மிச்சம். ஆய்வக விலங்குகளில் நன்றாகவே வேலை செய்கிறது. எலியின் காலில் இடைவெளி ஒரு சென்டிமீட்டர், மனிதக் கையில் பல சென்டிமீட்டர் இருக்கலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அடுக்கிய பாய்க்கு ஒரு பலவீனமும் உண்டு, நீளவாக்கில் இழுத்தால் தாங்கும், குறுக்கே இழுத்தால் பிய்ந்துவரும், தையல் போடும் மருத்துவருக்கு இது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

செயற்கை மூச்சுக்குழாயே செய்து பொருத்திவிட்டார்கள் என்று படித்தேன். அடுத்து சிறுநீரகம், இதயம் எல்லாம் வந்துவிடுமா?

அந்த மூச்சுக்குழாய்க் கதையின் முடிவையும் படித்திருக்க வேண்டும். 2011-இல் ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர், செயற்கைக் குழாயில் நோயாளியின் சொந்தச் செல்களை விதைத்துப் பொருத்தினார். உலகமே கொண்டாடியது. பின்னால் பொருத்தியவற்றில் மின்நூற்புக் குழாய்களும் உண்டு. ஸ்வீடனில் அப்படிப் பொருத்தப்பட்ட மூன்று பேரும் இறந்துபோனார்கள். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

இதில் இழை மேல் பழி போட முடியாது. குழாய் எப்படி நூற்கப்பட்டிருந்தாலும் அதற்கு ரத்தம் வரவில்லை என்பதுதான் அடிப்படை. செல்லுக்கு ஆக்சிஜன் வேண்டும், அது ரத்த நாளத்திலிருந்து பரவிச் செல்லும் தூரம் 100 முதல் 200 மைக்ரான்தான். அதற்கு மேல் தடித்த எந்தச் சாரத்திலும் நடுவில் உள்ள செல் மூச்சுத் திணறி சாகும். விதைத்த செல்கள் தாமாகவே உள்ளே சுவாசப் படலம் போர்த்தி, வெளியே ரத்த நாளம் வரவழைத்துவிடும் என்பது ஒரு நம்பிக்கை, விலங்கில் ஒழுங்காகச் சோதிக்கும் முன்பே அதை மனிதரிடம் வைத்துப் பார்த்தார்கள். எனக்கு இந்த விஷயத்தில் கோபம் இன்னும் தீரவில்லை.

சிறுநீரகம், இதயம் பற்றிக் கேட்டீர்கள். மின்நூற்பை மட்டும் வைத்து, வராது. இதய வால்வின் இதழ், இதயத்தின் மேல் ஒட்டும் ஒரு மெல்லிய பட்டை, இப்படித் தட்டையாக இருக்கும் எதற்கும் வாய்ப்பு உண்டு.

அப்படியானால் நோயாளிகளுக்கு இதனால் இதுவரை ஒரு பயனும் இல்லையா?

இருக்கிறது, தலைப்புச் செய்தியில் வராத பயன்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்கும்போது எப்போதாவது குழாய் ஓட்டையாகிவிடும், நிமிடங்களில் உயிர் போகும் ஆபத்து. அந்த ஓட்டையை உள்ளிருந்து அடைக்க, மின்நூற்பு பாலியூரித்தேன் படலம் போர்த்திய ஸ்டென்ட் ஒன்று இருக்கிறது, பிகே பப்பைரஸ் என்று பெயர், அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ 2018-இல் அனுமதித்தது. படலம் மெல்லியதாக இருப்பதால் ஸ்டென்ட் வளைந்து நெளிந்து குறுகலான குழாய்க்குள் போக முடிகிறது. ஆறாத புண்ணுக்கு வைக்கும் ரெஸ்ட்ராட்டா என்ற இழைப்பாய் 2017-இல் அங்கே அனுமதி பெற்றது, கரையும் பாலிமர்களால் ஆனது, செல் எதுவும் விதைக்காமல் வெறும் பாயாகவே வைக்கிறார்கள், நோயாளியின் செல்களே வந்து ஏறிக்கொள்கின்றன. மூளை அறுவையில் மூளையுறைக்கு ஒட்டுப் போடும் பாய்களும் வந்திருக்கின்றன.

மூன்றுமே மெல்லியவை, தட்டையானவை. ஆய்வகத்தில் செல் வளர்த்து எடுத்துவரும் சிக்கல் மூன்றிலும் இல்லை. பாயை மடித்து உறையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கலாம், அறுவை அரங்கில் கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம். உயிருள்ள செல்லை விதைத்து விற்பதென்றால் அனுமதியும் செலவும் வேறொரு உலகம்.

கரையும் பிளாஸ்டிக் என்கிறீர்கள். கரைந்து எங்கே போகும்? உடம்பெல்லாம் மைக்ரோபிளாஸ்டிக் ஆகிவிடாதா?

பயம் நியாயம், ஆனால் இவை பைகளில் வரும் பாலித்தீன் வகை கிடையாது. சாரத்துக்குப் பயன்படும் பாலிமர்களான பிஎல்ஜிஏ, பிஎல்ஏ, பிசிஎல் எல்லாமே எஸ்டர் பிணைப்பால் கோர்த்தவை, தண்ணீரே அந்தப் பிணைப்பை மெல்ல வெட்டும். பிஎல்ஜிஏ உடைந்தால் லாக்டிக் அமிலம், கிளைகாலிக் அமிலம், இரண்டையும் உடல் சாதாரணமாகக் கையாண்டு கடைசியில் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் வெளியேற்றிவிடும். தானே கரையும் அறுவைத் தையல் நூல் 1970-களிலிருந்து இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கவனிக்க வேண்டியது வேகம். பிஎல்ஜிஏவைக் கலவை விகிதத்தைப் பொறுத்துச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் கரையவைக்கலாம், பிசிஎல் முழுதாகப் போக இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். தோல் புண் சில வாரத்தில் மூடிவிடும், அங்கே பிசிஎல் வைத்தால் தேவையில்லாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். தசைநாருக்குப் பிஎல்ஜிஏ வைத்தால் புதுத் திசு பலம் பெறுவதற்குள் சாரம் காலியாகிவிடும். இன்னொன்று, பெரிய பிஎல்ஜிஏ கட்டிக்குள் அமிலம் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும், மெல்லிய இழையிலோ அமிலம் உடனுக்குடன் வெளியே கசிந்துவிடும், அந்த வகையில் இழைப்பாய் கொஞ்சம் பாதுகாப்பானதுதான்.

பாயை ஆட்டோகிளேவில் வைத்தேன். வெளியே எடுத்தால் சுருங்கிய பிளாஸ்டிக் துண்டு. எப்படிக் கிருமி நீக்குவது?

பிசிஎல் உருகுவது சுமார் 60 டிகிரியில், ஆட்டோகிளேவுக்குள் கிருமி கொல்லும் நீராவி 121 டிகிரி. வேறென்ன நடக்கும்!

ஆய்வக வேலைக்கு 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்து, பிறகு கிருமி நீக்கிய உப்புக் கரைசலில் பலமுறை அலசினால் போதும். எத்தனால் ஊறும்போது துளைக்குள் இருக்கும் காற்று வெளியேறி பாய் நனையவும் செய்யும், இரட்டை லாபம். பாக்டீரியாவின் வித்துகளை அது கொல்லாது என்பதால் உடலுக்குள் வைக்கும் பொருளுக்கு இது செல்லாது. புற ஊதா விளக்கு மேற்பரப்போடு சரி, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாலும் நடு அடுக்குக்குப் போய்ச் சேருவது சந்தேகம்தான். காமா கதிர் முழுக்க ஊடுருவும், பாலிமர் சங்கிலியையும் கொஞ்சம் வெட்டும், அதனால் கரையும் வேகம் மாறும், சோதித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். எத்திலீன் ஆக்சைடு வாயு இழைக்கு நல்லது, ஆனால் அது நச்சு, பாயிலிருந்து முழுதாக வெளியேறும்வரை காற்றோட்டத்தில் வைத்திருக்க வேண்டும்.

பிஎல்ஜிஏ பாய் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நூற்கும்போது இழுபட்ட சங்கிலிகள் தளர்ந்துகொள்ள வாய்ப்புத் தேடிக்கொண்டே இருக்கும், அதனால் எத்தனாலில் போட்டாலோ 37 டிகிரி செல் வளர்ப்பு ஊடகத்தில் விட்டாலோ பாய் தானாகவே சுருங்கும், ஒரு சதுரம் போட்டால் அதைவிடச் சின்னச் சதுரம் கிடைக்கும். ஓரங்களை ஒரு வளையத்தில் இறுக்கிப் பிடித்தபடி ஊறவைத்து, அந்த வளையத்தோடேயே செல் வளர்க்கும் தட்டில் இறக்கிவிடுங்கள்.